கேளுங்கள் சொல்கிறேன்: ராத்திரி வரும் லோரி

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குப்பை. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், குப்பையைப் பற்றிய கடிதங்கள் என்று சொல்ல வந்தேன். தீபாவளி நெருங்கினால் கோலாலம்பூரில் பாதி வீடுகளில் சுவரை இடிப்பார்கள், மீதி வீடுகளில் சோஃபாவை மாற்றுவார்கள். பழையது எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும். குப்பை லோரியில் தொங்கிக்கொண்டு போய், அப்புறம் மேற்பார்வையாளனாகி ஓய்வு பெற்றவன் என்பதால் ஆசிரியர் மொத்தக் கட்டையும் என் தலையில் கட்டிவிட்டார்.

செகாம்புட் வாசகர்: ஐயா, எங்கள் வரிசை வீடுகளின் பின்சந்துக்கு அந்தப் பக்கம் காலி நிலம் இருக்கிறது. வாரத்தில் ஓரிரு ராத்திரி ஒரு சின்ன லோரி வந்து உடைந்த ஓடு, சிமெண்டுக் கட்டி, சீலிங் பலகை என்று கொட்டிவிட்டுப் போகிறது. ஓர் அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். "அது எங்கள் நிலம் இல்லை" என்று பதில் வந்தது. இனி யாரிடம் போவது?

அந்தப் பதில் உண்மையாகவே இருக்கலாம். நாம் காலி நிலம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கோலாலம்பூரில் அதற்குப் பல சொந்தக்காரர்கள். சாலையோரமும் பின்சந்தும் மாநகர் மன்றத்தின் பொறுப்பு. தலைக்கு மேல் உயரழுத்த மின்கம்பி ஓடினால் தெனாகா நேஷனலைக் கேட்க வேண்டும். தண்டவாள ஓரம் என்றால் ரயில்வே, ஆற்றோரம் என்றால் வடிகால் நீர்ப்பாசன இலாகா. வேலி சரிந்து, உள்ளே லாலாங் புல் ஆள் உயரம் வளர்ந்து கிடந்தால் பெரும்பாலும் தனியார் நிலம். சொந்தக்காரர் வேறு ஊரில் இருப்பார், அவருடைய நிலத்தில் மலை முளைத்திருப்பது அவருக்கே தெரியாது. கூட்டரசுப் பிரதேச நில அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடினால் பெயர் கிடைக்கும்.

ஆனால் நிலம் யாருடையது என்பது, குப்பையை யார் அள்ளுவது என்ற கேள்விக்குத்தான் பதில். கொட்டியவனைப் பிடிப்பதற்கு அது தேவையே இல்லை. பலர் இந்த இரண்டையும் ஒரே புகாரில் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். "குப்பை கிடக்கிறது, வந்து எடுங்கள்" என்று எழுதினால் அது துப்புரவுப் பிரிவுக்குப் போகும். அவர்கள் வருவார்கள், அள்ளுவார்கள், கோப்பை மூடுவார்கள். குப்பையோடு சாட்சியும் லோரி ஏறிவிடும். அடுத்த வாரம் அவன் மறுபடியும் வருவான், இந்த முறை சுத்தமான இடத்தில் கொட்டுவான்.

ஆகவே இரண்டு புகார் கொடுங்கள். அள்ளுவதற்கு ஒன்று, மாநகர் மன்றத்துக்கு: 1-800-88-3255. பிடிப்பதற்கு ஒன்று, எஸ்டபிள்யூகோர்ப் எனப்படும் திடக்கழிவுக் கழகத்துக்கு: 1-800-88-7472. கடைசி நான்கு இலக்கமும் தொலைபேசிப் பொத்தானில் முன்னதற்கு டிபிகேஎல் (மாநகர் மன்றத்தின் சுருக்கப் பெயர்) என்றும் பின்னதற்கு சிசா (மலாயில் கழிவு) என்றும் வரும், மறக்காது. இரண்டு இடத்திலும் இணையத்திலும் புகார் கொடுக்கலாம். தலைப்பை மலாயில் "பெம்புவாஙான் சம்பா ஹாரம்" (சட்டவிரோதமாகக் குப்பை கொட்டுதல்) என்றே போடுங்கள். "குப்பைப் பிரச்சினை" என்று போட்டால் அடைத்துக்கொண்ட கால்வாய், நாறும் தொட்டி இவற்றோடு சேர்ந்து வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

கோலாலம்பூரில் 2011 செப்டம்பர் 1 முதல் 672 சட்டம், அதாவது திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம், நடப்பில் இருக்கிறது. வீடு இடித்த கழிவும் அதில் அடக்கம். பிரிவு 71-இன்படி அனுமதி இல்லாத இடத்தில் கொட்டினால் அபராதம் குறைந்தது 10,000 ரிங்கிட், கூடியது 100,000 ரிங்கிட், அல்லது 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சின்ன லோரிக்காரனுக்குக் குறைந்தபட்சத் தொகையே லோரியை விற்க வைக்கும். அதனால்தான் அவன் ராத்திரியில் வருகிறான்.

படம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். லோரியின் பின் நம்பர் பலகையில் சேறு அப்பியிருக்கும், கவனக்குறைவால் அல்ல. தொட்டியைத் தூக்கும்போது அதுவும் மறைந்துவிடும். முன் நம்பர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கதவைப் பாருங்கள். வாணிப லோரி என்றால் நிறுவனத்தின் பெயரும், BTM (வெறும் லோரியின் எடை), BDM (சரக்கோடு சேர்த்து எடை) என்று அடுத்தடுத்து எடைக் கணக்கும் பெயிண்டில் எழுதியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்திருந்தால், சுரண்டிய தடத்தைப் படம் பிடியுங்கள். இன்னொரு படம் தூரத்திலிருந்து, விளக்குக் கம்பமோ தெருப்பெயர்ப் பலகையோ தெரியும்படி இருக்கட்டும். கம்பத்தில் எண் இருக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வெறும் மண்மேட்டுப் படம் ஈப்போவிலும் எடுக்கலாம், கிள்ளானிலும் எடுக்கலாம்.

எல்லாம் வீட்டுக்குள் இருந்தபடியே. விளக்கைப் போடாமல், ஃபிளாஷை அணைத்துவிட்டு. வெளியே போய் "டேய்" என்று கத்துகிற வீரம் வேண்டாம். அவனிடம் கடப்பாரை இருக்கிறது, உங்களிடம் கைப்பேசி இருக்கிறது.

மறுநாள் காலையில் தூரத்திலிருந்து குவியலைப் பாருங்கள். நாங்கள் வேலையில் இருந்தபோது முதலில் தேடியது அட்டைப் பெட்டிகளைத்தான். தரை ஓடு வந்த பெட்டி, குளிர்சாதனப் பெட்டி, சமையலறை அலமாரி வந்த பெட்டி. அதில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் எந்த வீட்டுக்குப் போனது என்ற முகவரி இருக்கும். பெயிண்ட் டின்னில் கடை முத்திரை இருக்கும். அமலாக்க அதிகாரியிடம் "பெட்டிகள் இருக்கின்றன, அள்ளுவதற்கு முன் பாருங்கள்" என்று சொல்லுங்கள். நீங்களே இறங்கிக் கிளற வேண்டாம். உடைந்த கண்ணாடி ஒரு பக்கம் இருக்கட்டும், பழைய வீட்டு சீலிங் பலகையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது.

அப்புறம் ஒன்று. உடைந்த கழிவறைத் தொட்டி, கவிழாத வாளி, டயர் இதிலெல்லாம் மழைத்தண்ணீர் நிற்கும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். தண்ணீரில் புழு நெளிவதைப் பார்த்தால் சுகாதார அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். குப்பை என்றால் நகராத கோப்பு, டிங்கிக் காய்ச்சல் என்றால் எழுந்து நடக்கும்.

கம்போங் பாண்டான் வாசகி: புகாரில் என் பெயரையும் எண்ணையும் கேட்கிறார்கள். கொட்டுகிறவர் அடுத்த தெருக்காரர். வெளியே தெரிந்துவிடாதா?

அதிகாரி உங்களைத் திரும்ப அழைப்பதற்காகக் கேட்பது அது, கொட்டியவரிடம் நீட்டுவதற்கு இல்லை. வழக்கு என்று நீதிமன்றம் போனால் சாட்சியாக வரச் சொல்லிக் கேட்கலாம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தயக்கமாக இருந்தால் குடியிருப்பாளர் சங்கம் அல்லது ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கத்தார் குழு) பெயரில் கொடுங்கள். செயலாளர்கள் திட்டு வாங்குவதற்கென்றே பதவிக்கு வந்தவர்கள்தானே, அம்மா.

செந்தூல் வாசகி: சமையலறையை இடித்துக் கட்டப் போகிறோம். ஒரு குத்தகையாளர் ரோரோ தொட்டிக்கென்று (லோரியில் ஏற்றிக்கொண்டு போகும் பெரிய இரும்புத் தொட்டி) தனியாகப் பணம் கேட்கிறார். இன்னொருவர், "அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்க்கா, தனிக் காசு வேணாம்" என்கிறார். இரண்டாமவர் மலிவாக இருக்கிறார். என்ன செய்ய?

செகாம்புட் வாசகரின் வீட்டுக்குப் பின்னால் ராத்திரியில் வருகிறவர் அந்த இரண்டாமவராகவே இருக்கலாம், சகோதரி.

கணக்கைப் பாருங்கள். உங்கள் பழைய சுவரும் ஓடும் முறைப்படி போக வேண்டுமென்றால், உரிமம் உள்ள நிறுவனத்தின் தொட்டி வேண்டும், கொட்டும் இடத்தில் கட்டணம் உண்டு, போக வர டீசல், நெரிசலில் அரை நாள். கோலாலம்பூரின் வீட்டுக் குப்பையே கெப்போங் தாமான் பெரிங்கினில் லோரி மாற்றும் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து பெரிய லோரியில் உலு சிலாங்கூர் புக்கிட் தாகார் வரை போய்த்தான் புதைகிறது. நகரத்துக்குள் குப்பையைப் புதைக்க இடம் கிடையாது. இதையெல்லாம் ஒருவர் "தனிக் காசு வேணாம்" என்று சொன்னால், அவருக்குக் கொட்ட ஓர் இருட்டான இடம் தெரியும் என்று அர்த்தம். லோரி ஓட்டுகிற பையனுக்கு நடைக் கூலி. எவ்வளவு கிட்டத்தில் கொட்டுகிறானோ அவ்வளவு நடை கூடும். நாம் அந்தப் பையனைத் திட்டுகிறோம். அவனை அனுப்பியது மலிவு விலைப்பட்டியல், அதில் கையெழுத்துப் போட்டது நாம்.

முதலாமவரிடமும் சும்மா தலையாட்டாதீர்கள். தொட்டி எந்த நிறுவனத்தினுடையது, உரிமம் இருக்கிறதா, எங்கே கொட்டப் போகிறது என்று கேளுங்கள். கொட்டிய ரசீது வேண்டும் என்பதை விலைப்பட்டியலிலேயே எழுத வையுங்கள். கடைசித் தவணையை ரசீது கைக்கு வந்த பிறகு கொடுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இடித்துக் கட்டுவதற்கு மாநகர் மன்ற அனுமதி எடுத்தாரா என்பதையும், தொட்டியைச் சாலையில் வைக்க வேண்டியிருந்தால் அதற்கு அனுமதி உண்டா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். உங்கள் வீட்டு எண் எழுதிய, தரை ஓடு வந்த பெட்டி எங்கோ ஒரு காலி நிலத்தில் கிடைத்தால், அதிகாரி முதலில் வந்து தட்டுவது உங்கள் கதவை. குத்தகையாளர் அப்போது தொலைபேசியை எடுக்க மாட்டார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்: பழைய சோஃபாவும் மெத்தையும் இருக்கின்றன. வாசலில் வைத்தால் எடுப்பார்களா?

தரை வீடு என்றால் எடுப்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளும் பெரிய சாமானும் தோட்டக் கழிவும். அந்த மூன்றாவது நாள் எது என்று குப்பை எடுக்கும் நிறுவனமான அலாம் ஃபுளோராவிடம் கேட்டுவிட்டு, முந்திய ராத்திரி உங்கள் தொட்டியின் பக்கத்தில் வையுங்கள். ஒரு வாரம் முன்னாடியே வைத்தால் அதன்மேல் அடுத்த வீட்டுக்காரர் ஒரு மெத்தையும் எதிர் வீட்டுக்காரர் ஒரு தொலைக்காட்சியும் வைப்பார்கள். மழை பெய்தால் சோஃபாவை நாலு பேர் சேர்ந்தும் தூக்க முடியாது. பஞ்சு குடிக்கிற தண்ணீரின் கனம் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அடுக்குமாடி என்றால் நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள். பெரிய சாமானுக்குத் தனி இடம் இருக்கும். இடித்த கல்லும் மண்ணும் இந்தச் சேவையில் சேராது.

பிறை வாசகர், பினாங்கு: இங்கே தொழிற்பேட்டைப் பக்கத்துச் சாலையோரம் குப்பைக் குவியல், அதில் சில நீல நிறத் தோம்புகள் (டிரம்கள்), பக்கத்தில் போனாலே நெடி. 672 சட்டம் எங்களுக்குக் கிடையாது என்கிறார்களே? பக்கத்து வீட்டு அண்ணன் கொளுத்திவிடலாம் என்கிறார்.

முதலில் அந்த அண்ணனிடமிருந்து தீப்பெட்டியை வாங்கி வையுங்கள். திறந்தவெளியில் எரிப்பதே சுற்றுச்சூழல் சட்டத்தில் குற்றம். 2022 ஆகஸ்டில் ஜெலுத்தோங் குப்பைமேடு தீப்பிடித்துப் புகை நாள்கணக்கில் நின்றது உங்கள் ஊர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். இதிலோ உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத தோம்பு.

தோம்பு இருந்தால் அது குப்பைப் புகார் இல்லை. சுற்றுச்சூழல் இலாகாவுக்குச் சொல்லுங்கள். கண் எரிச்சல், மூச்சுத் திணறல், வாந்தி என்று யாராவது சொன்னால் 999. மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம், காற்று வருகிற பக்கமாக நின்று விலகிப் போங்கள். 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள், அந்த வட்டாரத்தின் 111 பள்ளிகளையும் மூட வேண்டியதாயிற்று. பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்தபடி மயங்கினார்கள். அதனால் "நெடி கொஞ்சம்தான்" என்று காத்திருக்க வேண்டாம்.

சட்டக் கேள்விக்கு வருவோம். 672 சட்டம் நடப்பில் இருப்பது கோலாலம்பூர், புத்ராஜெயா, பகாங், ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், கெடா, பெர்லிஸ் ஆகியவற்றில். பினாங்கு அதை எடுத்துக்கொள்ளவில்லை, சிலாங்கூரும் பேராவும் அப்படியே. அதற்காகப் பினாங்கில் எங்கே வேண்டுமானாலும் கொட்டலாம் என்று இல்லை. அங்கே குப்பை நேரடியாக ஊராட்சி மன்றத்தின் கையில்: தீவில் எம்பிபிபி (பினாங்குத் தீவு மாநகர் மன்றம்), பெருநிலத்தில் எம்பிஎஸ்பி (செபராங் பிறை மாநகர் மன்றம்). 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டமும் மன்றத்தின் துணைச் சட்டங்களும் பொருந்தும். நீங்கள் பிறை, ஆகவே எம்பிஎஸ்பி. தீவு அலுவலகத்துக்கு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் பெருநிலத்துக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன்.

செராஸ் வாசகர்: "இங்கே குப்பை போடாதீர்" என்று பேனர் கட்டினோம். பேனருக்குக் கீழேயே போடுகிறார்கள். சாபம் கொடுத்து இன்னொரு பேனர் கட்டலாம் என்று கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது.

கட்டுங்கள், படிக்க நன்றாக இருக்கும். பலன் வேண்டுமானால் லோரிக்காரனின் கண்ணால் இடத்தைப் பாருங்கள். அவனுக்கு நான்கு வேண்டும்: பின்னால் வந்து திருப்ப இடம், இருட்டு, எந்த வீட்டுச் சன்னலும் பார்க்காத பக்கம், ஏற்கெனவே கிடக்கிற குப்பை. கடைசியதுதான் பெரிய அழைப்பிதழ். முதல் மூட்டை விழுந்த வாரத்திலேயே அள்ளப்படாத இடம் அப்புறம் யாருக்கும் கூசாது. நடந்து போகிறவரும் நாசி லெமாக் பொட்டலத்தை அங்கேதான் போடுவார். எனவே பேனர் காசை, அள்ளிய அன்றே லோரி நுழையாதபடி தடுப்புக் கட்டை போட வைப்பதில் செலவழியுங்கள். மாநகர் மன்றத்திடம் கேட்டுப் போட வேண்டும். நீங்களாகப் பாறாங்கல்லை உருட்டி வைத்தால் தீயணைப்பு வண்டியும் நுழையாது. எரியாத தெருவிளக்குக்கும் ஒரு புகார். கோத்தோங் ரோயோங் (கூட்டுத் துப்புரவுப் பணி) வைப்பதானால் அள்ளிக்கொண்டு போக லோரி வருவது உறுதியான பிறகு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேர்த்து விறுவிறுத்து மூட்டை கட்டி, அதே இடத்தில் குவித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு கலைகிற கூட்டம் எத்தனையோ. புதன்கிழமை வரை அதுதான் புதுக் குப்பைமேடு.

பந்தாய் டாலாம் வாசகி: மேல்மாடியிலிருந்து மூட்டை மூட்டையாகக் கீழே எறிகிறார்கள். சிரித்துக்கொண்டு கடந்துபோகச் சொல்கிறார்கள்.

சிரிக்க வேண்டாம். 2018 ஜனவரியில் உங்கள் வட்டாரத்து மக்கள் வீடமைப்பில் மேலிருந்து விழுந்த நாற்காலி, அம்மாவோடு நடந்துவந்த 15 வயதுப் பையனின் உயிரைக் குடித்தது. எந்த வரிசைச் சன்னலிலிருந்து, எத்தனை மணிக்கு என்று குறித்து நிர்வாகத்துக்கும் போலீசுக்கும் எழுத்தில் கொடுங்கள்.

ஜாலான் ஈப்போ வாசகர்: மகன் புக்கிட் பிந்தாங்கில் குடித்த டின்னைத் தரையில் போட்டுப் பிடிபட்டான். தெருக் கூட்ட வேண்டுமாம். நிஜமா?

நிஜம்தான். 2026 ஜனவரி 1 முதல் சின்னக் குப்பை போட்டாலும் நீதிமன்றம் 2,000 ரிங்கிட் வரை அபராதமும் 12 மணி நேரம் வரை சமூக சேவையும் விதிக்கலாம். வக்கீல் தேடி அலைவதற்கு முன் அவனுக்கு நல்ல கையுறை வாங்கிக் கொடுங்கள். மதிய வெயிலில் தகரக் கைப்பிடி சுடும்.

செந்தூல் இன்னொரு வாசகி: எங்கள் அரசமரத்தடியில் பழைய சாமி படங்களை வைத்துவிட்டுப் போகிறார்கள். கண்ணாடி உடைந்து கிடக்கிறது. எடுத்துப் போட எல்லாருக்கும் பயம்.

எங்கள் ஆட்களும் தொடத் தயங்கித்தான் நிற்பார்கள், மற்ற இனத்தவர் உட்பட. வீட்டில் வைத்துக் கும்பிட்டதைச் செருப்புக் கால்கள் நடமாடும் இடத்தில் விடுவது எந்த ஆகமம் என்று தெரியவில்லை. கோயிலில் கேளுங்கள், சில கோயில்களில் வாங்கிக்கொண்டு முறைப்படி அகற்றுவார்கள். இல்லாவிட்டால் ஒரு கும்பிடு போட்டுப் படத்தின் சட்டத்தைக் கழற்றுங்கள். கண்ணாடியைத் தடித்த காகிதத்தில் சுற்றி, "கண்ணாடி" என்று எழுதித் தொட்டியில் போடுங்கள். சுற்றாமல் போட்ட கண்ணாடி கிழித்த கைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

பெயர் வேண்டாம் என்ற வாசகர்: லோரி நம்பர் தெளிவாகத் தெரியும் படம் அனுப்பியிருக்கிறேன். இந்தப் பக்கத்திலேயே போட்டு மானத்தை வாங்குங்கள்.

படம் அருமை, தம்பி. போட மாட்டேன். நம்பர் போலியாக இருக்கலாம், லோரி கைமாறியிருக்கலாம். அப்புறம் வக்கீல் கடிதம் வருவது ஆசிரியருக்கு. நிஜ ஆளாகவே இருந்தாலும், படம் அச்சானதும் லோரிக்கு வேறு பலகை மாட்டிவிடுவான். இன்றைக்கே அமலாக்கப் பிரிவுக்கு அனுப்புங்கள். தேதி, நேரம், இடம் எழுத மறக்க வேண்டாம். எனக்கு அனுப்பியதில் அவை மூன்றும் இல்லை.